வண்டி வாங்கப் போறீங்களா? என் கணக்கு நோட்டைக் கொஞ்சம் பாருங்க!



நான் பத்தாவது வரை படித்த ஒரு குடும்பத்தலைவி. வயது 36. ஒட்டன்சத்திரத்திலிருந்து 9 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறார். மகள் ஒன்பதாவது, மகன் நாலாவது படிக்கிறார்கள். சமையல் குறிப்பும் கோலமும்தான் எழுதத் தெரியும் என்று நினைத்திருந்த நான், இன்று பைக்கையும் ஸ்கூட்டரையும் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். நான் பட்ட பாடு இன்னொரு சகோதரி படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

2010-ல் எனக்குக் கல்யாணம். சீரோடு சீராக, என் அப்பா மாப்பிள்ளைக்கு ஒரு ஸ்பிளெண்டர் பைக் வாங்கிக் கொடுத்தார். அப்போது அது ஹீரோ ஹோண்டா. அடுத்த வருஷமே இரண்டு கம்பெனியும் பிரிந்து விட்டன. அந்த பைக்குக்காக அப்பா எருமை இரண்டை விற்றது எனக்குத் தெரியும். அந்த வண்டியில் நான் எத்தனையோ வருஷம் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போயிருக்கிறேன். முன்னால் உட்கார வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

தோன்ற வைத்தது 2022 நவம்பர் மாதத்தில் ஒரு ராத்திரி.

நல்ல மழை. மணி ஒன்பதரை இருக்கும். மகனுக்கு வீசிங் வந்து விட்டது. நெஞ்சு உள்ளே இழுக்கிறது, பேச்சு வரவில்லை. அன்றைக்கு மழை என்று என்னவர் மண்டி வேனிலேயே மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். லோடு ஏற்றுகிற நேரம். போன் அடித்தால் எடுக்கவில்லை. மாமா, மூணு பேஸ் கரண்ட் ராத்திரியில்தான் வருகிறது என்று எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தார். 108-க்குப் போன் செய்யலாம் என்று கூட அந்தப் பதட்டத்தில் எனக்குத் தோன்றவில்லை. வாசலில் பைக் நிற்கிறது. சாவி ஆணியில் தொங்குகிறது. வீட்டில் நானும் அத்தையும் இரண்டு பிள்ளைகளும்தான். மூன்று தெரு தள்ளி பால் வேன் ஓட்டும் ஒரு அண்ணனை எழுப்பி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பதினொன்று. நெபுலைசர் வைத்து மூச்சு சீரான பிறகு டாக்டரம்மா கேட்டார்கள்: "இவ்வளவு நேரம் வீட்டுல வெச்சிக்கிட்டு என்னம்மா பண்ணீங்க? வண்டி வாகனம் எதுவும் இல்லையா?"

"இருக்குங்க டாக்டர்" என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

மறுநாளே ஆரம்பித்தேன். "இருக்கிற பைக்கையே ஓட்டக் கத்துக்கோ, இன்னொரு வண்டி எதுக்கு?" என்றார்கள் அத்தை. நியாயம்தான். பள்ளிக்கூட கிரவுண்டில் என்னவர் கற்றுக் கொடுத்தார். நான் ஐந்தடிக்கும் ஓர் அங்குலம் குறைவு. வண்டியோ 110 கிலோ. நிறுத்தினால் ஒரு கால் நுனிதான் தரையில் படும். சேலையில் கியர் மாற்றுவதே பெரிய பாடு. மூன்றாவது நாள் சாய்த்து விட்டேன். சைலன்சர் சுட்ட தழும்பு இன்னும் கணுக்காலில் இருக்கிறது. பைக்கை நான் குறை சொல்லவில்லை. சுடிதார் போட்டு புல்லட்டே ஓட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள். என் உயரத்துக்கும் என் சேலைக்கும் அது ஒத்து வரவில்லை, அவ்வளவுதான்.

பிறகு மாமாவின் எக்ஸெல்லில் பழகினேன். இரண்டே நாளில் ஓட்ட வந்து விட்டது. கியர் இல்லை, உயரம் இல்லை. மாமா சொல்வார், "1980-ல ஓசூர்லேருந்து டிவிஎஸ் பிப்டி வந்தப்ப மாடு விக்கிற காசுல அதை வாங்கினவன் பாதிப் பேரு" என்று. அந்தப் பழைய வண்டிக்கு பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். 2015-ல் வந்த எக்ஸெல் 100 நாலு ஸ்ட்ரோக், கலக்க வேண்டியதில்லை. பெரிய சக்கரம் என்பதால் குண்டு குழியிலும் தாங்கும். பின் சீட்டைக் கழற்றி விட்டு மூட்டை கட்டலாம். விலையும் மற்ற வண்டிகளை விட வெகு குறைவு. மாமா 2017-ல் வாங்கினார். ஆயில் மாற்றுவது, பிரேக் மாற்றுவது தவிர பெரிய செலவு வைத்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டில் விடிகாலை அது தோட்டத்துக்குப் போனால் பொழுது சாயத்தான் வரும். அது மாமாவின் கை கால் மாதிரி. கேட்க மனம் வரவில்லை.

2023-ல் எல்எல்ஆர் போட்டேன். எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். ஒரு மாதம் கழித்துதான் டெஸ்ட். எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினேன். இங்கே ஒரு விஷயம். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்தால் பைக் ஓட்ட முடியாது. கியர் வண்டிக்கு எடுத்தால் இரண்டும் ஓட்டலாம். முடிந்தவர்கள் அதையே எடுத்து விடுங்கள்.

இனிதான் நான் செய்த தப்பு. மகளிர் குழுவில் 28,000 ரூபாய் கடன் வாங்கி, ஒரு புரோக்கர் மூலம் ஒன்பது வருஷம் ஓடிய பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினோம். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். குற்றம் வண்டியைச் செய்தவர்கள் மேல் இல்லை. பார்க்காமல் வாங்கிய எங்கள் மேலும், பளபளவென்று பாலீஷ் போட்டு விற்றவர் மேலும்தான்.

பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதற்கு ஆன செலவையெல்லாம் குறித்து வைத்தேன். பேட்டரி 1,450. இரண்டு டயர் 3,100. கார்புரேட்டர் கழுவ 400. டிரைவ் பெல்ட்டும் ரோலரும் 1,850. ஆயில் குடிக்கிறது என்று இஞ்சினைப் பிரித்தது 6,800. பெயர் மாற்றத்துக்கும் விட்டுப்போன இன்ஷூரன்சுக்கும் 3,400. மொத்தம் 17,000 ரூபாய்!

பணம் போனது கூடப் பரவாயில்லை. ஒரு நாள் சாயங்காலம் மகளை டியூஷனிலிருந்து கூட்டி வருகிறேன். ஏழு மணி. ஊருக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது படீரென்று ஒரு சத்தம். இஞ்சின் ஓடுகிறது, சக்கரம் சுற்றவில்லை. பெல்ட் அறுந்து விட்டது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, ஒரு லைட் கிடையாது. நூறு கிலோ வண்டியை நானும் பிள்ளையும் தள்ளிக்கொண்டே வந்தோம். பைக்கில் வந்த இரண்டு பேர் வேகத்தைக் குறைத்துப் பார்த்து விட்டுப் போனார்கள். உதவத்தான் பார்த்தார்களோ என்னவோ, எனக்கு உயிரே இல்லை. வீட்டுக்கு வந்து மகள் சொன்னாள்: "அம்மா, இனிமே நான் டியூஷன் போகலம்மா."

அன்றைக்குத்தான் 'நம்பகமான வண்டி' என்ற வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் புரிந்தது. ஆண்களுக்கு வண்டி வழியில் நின்றால் அது ஒரு மணி நேரத் தொல்லை. நமக்கு அப்படி இல்லை. பிள்ளையின் படிப்பே நின்று போகப் பார்த்தது.

பெல்ட் மாற்றிய மெக்கானிக் தம்பி சொன்னது மறக்க முடியாதது. "அக்கா, பைக்கு செயினு தேஞ்சா கடகடன்னு சத்தம் போட்டுச் சொல்லிட்டுத்தான் அறும். ஸ்கூட்டர் பெல்ட்டு மூடியிருக்கிற பெட்டிக்குள்ள கெடக்கு, பல நேரம் சொல்லாமலே அறும். இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டினா நாமதான் தொறந்து பாத்துக்கணும்." இதை வாங்கும்போது யாராவது சொன்னார்களா?

பதினாறு மாதம் வைத்திருந்து 19,000-க்குத் தள்ளி விட்டோம். 28-ம் 17-ம் 45 ஆயிரம். 19 போனால் 26 ஆயிரம் நஷ்டம். மாதத்துக்கு 1,625 ரூபாய். பெட்ரோல் இதில் சேராது.

2024-ல் எனக்கு 60,000 ரூபாய் ஏலச் சீட்டு விழுந்தது. "இந்தத் தடவை புதுசுதான்" என்றேன். என்னவருக்குக் கோபம். "ஏ புள்ள, லட்ச ரூபா வண்டிக்கு நாம என்ன கலெக்டரா? ஸ்பிளெண்டரைப் பாரு. அறுபது கிலோமீட்டர் மைலேஜ். உன் ஸ்கூட்டர் நாற்பத்தஞ்சுதான் குடுக்கும்" என்றார். அன்றிரவு நோட்டை விரித்து இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். உங்களுக்கும் உதவும் என்பதால் அப்படியே தருகிறேன்.

ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் என்றால் மாதம் 600. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். 60 தரும் பைக்குக்கு 1,000 ரூபாய். 55 தரும் எக்ஸெல்லுக்கு சுமார் 1,100. 45 தரும் ஸ்கூட்டருக்கு 1,330. பைக்கை விட ஸ்கூட்டர் வருஷத்துக்கு 4,000 ரூபாய் அதிகம் குடிக்கும். என்னவர் சொன்னது சரிதான். பைக்கின் ஆயுளும் அப்படி. எங்கள் ஸ்பிளெண்டர் அதற்குள் 80,000 கிலோமீட்டர் தாண்டி, இஞ்சினை ஒரே ஒரு தடவைதான் பிரித்திருந்தோம். பெரிய சக்கரம், தூரம் போனாலும் இடுப்பு வலிக்காது. தினமும் தூரம் போகிற, கால் எட்டுகிற ஆளுக்கு பைக்கை மிஞ்ச ஒன்றும் இல்லை.

"எல்லாம் சரிங்க. ஆனா அன்னிக்கு ராத்திரி அந்த அறுபது மைலேஜ் வண்டி வாசல்லதானே நின்னுச்சு?" என்று கேட்டேன். அவர் பதில் பேசவில்லை. வெகு நேரம் நோட்டையே பார்த்துக் கொண்டிருந்தார்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரும் போய்ப் பார்த்தோம். ஓசூரிலும் கிருஷ்ணகிரி பக்கத்திலுமே இப்போது தயாராகிறது. அந்தக் காலத்தில் பெயர் கொடுத்து விட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய பஜாஜ் சேட்டக் கூட 2020 முதல் கரண்ட் வண்டியாக வருகிறது. நூறு கிலோமீட்டருக்கு மூன்று, நாலு யூனிட்தான் ஆகும். மாதம் 600 கிலோமீட்டருக்கு 25 யூனிட் என்று வைத்தால் கூட 150 ரூபாய்க்குள் முடிந்து விடும். சத்தமில்லை, பெட்ரோல் பங்க்கில் நிற்க வேண்டாம். டவுனில் இருப்பவர்கள், சர்வீஸ் சென்டர் பக்கத்தில் உள்ளவர்கள் தாராளமாக யோசிக்கலாம். நாங்கள் பார்த்த வண்டிக்கு சர்வீஸ் என்றால் திண்டுக்கல்தான் போக வேண்டும். பேட்டரி வாரண்டி முடிந்த பிறகு மாற்றினால் பெரிய தொகை. எங்கள் தெரு மெக்கானிக் தம்பியும் "அது எனக்குப் பிடிபடாதுக்கா" என்றார். அதனால் வேண்டாம் என்று விட்டோம்.

கடைசியில் ஆக்டிவா, ஜூபிடர் இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தேன். 2001-லிருந்து ஓடுகிற ஆக்டிவாவுக்கு எந்த ஊரிலும் ஸ்பேர் கிடைக்கும். மெக்கானிக் எல்லோருக்கும் அத்துப்படி. ஜூபிடரில் முன்னும் பின்னும் 12 அங்குலச் சக்கரம். புது மாடலில் பெட்ரோல் மூடி முன்னாலேயே இருப்பதால் சீட்டில் இருந்து இறங்காமல் போடலாம். இரண்டும் நல்ல வண்டிதான். எனக்குக் கால் பாதம் தரையில் நன்றாகப் பதிந்தது ஜூபிடரில், அதையே எடுத்தேன். உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம். உட்கார்ந்து பார்க்காமல் யார் பேச்சையும் கேட்டு வாங்காதீர்கள், என் பேச்சையும் சேர்த்துத்தான்!

ஷோரூம் விலை ஒன்று, ரோட்டுக்கு வரும்போது விலை வேறு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சம் வரை உள்ள புது இருசக்கர பெட்ரோல் வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் சாலை வரி. இன்ஷூரன்ஸ் 5 வருஷத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது 2018 செப்டம்பரில் வந்த விதி. ஆனால் அது நம்மால் மற்றவருக்கு வரும் நஷ்டத்துக்கு மட்டும்தான். நம் வண்டிக்கான இன்ஷூரன்ஸை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும்; நிறைய பேர் இதை மறந்து விடுகிறார்கள். எல்லாம் சேர்ந்து 96,500 ஆயிற்று. சீட்டுப் பணம் 60, பழைய வண்டி விற்றது 19. மீதி 17,500-ஐ மண்டியில் முன்பணம் வாங்கி என்னவரே கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை, பணத்தை நோட்டுக்குள் வைத்து விட்டுப் போய் விட்டார். (2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆகி விலை இறங்கியது. ஒரு வருஷம் பொறுத்திருக்கலாமே என்று வயிறு எரிந்தது உண்மை. ஆனால் அந்த ஒரு வருஷ டியூஷன் போயிருக்குமே!)

ஐந்து வருஷம் ஓட்டி 40,000-க்கு விற்றாலும், 56,500 ரூபாய் தேய்மானம். மாதம் 950-ஐத் தாண்டாது. சர்வீஸ் மாதம் 250 என்று சேர்த்தால் 1,200. மலிவு என்று வாங்கிய பழைய வண்டி மாதம் 1,625 தின்றது ஞாபகம் இருக்கிறதா? அதற்காகப் பழைய வண்டியே ஆகாது என்று சொல்லவில்லை. எங்கள் பைக்குக்குக் கூட 15 வருஷம் முடிந்து, 2025-ல் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி ஆர்.சி.யை இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பித்திருக்கிறோம். ஒரே கையில் ஓடிய, நமக்குத் தெரிந்தவர் வண்டி என்றால் வாங்கலாம்.

பழசு வாங்குகிறவர்கள் இதையெல்லாம் பாருங்கள்: காலையில் இஞ்சின் சூடாவதற்கு முன்பே போய் உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். சைலன்சரில் நீலப் புகை வந்தால் வண்டி ஆயில் குடிக்கிறது என்று அர்த்தம். ஆர்.சி.யில் உள்ள இஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பரை வண்டியோடு ஒப்பிடுங்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே கையெழுத்துப் போடுகிறாரா, லோன் பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். முடிந்தால் டியூப்லெஸ் டயர் உள்ளதாகப் பாருங்கள். ஆணி குத்தினாலும் உடனே காற்று இறங்காது, வீடு வந்து சேரலாம்.

புது வண்டியோ பழசோ, சேலை கார்டைக் கழற்றாதீர்கள். பின் சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. முந்தானையை இழுத்துச் செருகிக் கொள்ளுங்கள். ஐஎஸ்ஐ ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள். பின்னால் உட்காருகிறவர் தலையும் தலைதான்.

2021-லிருந்து டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை. நல்ல காரியம், கடைகண்ணிக்கு நான் இன்றும் பஸ்ஸில்தான் போகிறேன். ஆனால் எங்கள் ஊருக்கு பஸ் ஒரு நாளைக்கு நாலு தடவைதான். ராத்திரி ஒன்பதரைக்கு வராது.

போன வருஷம் தை மாசம் மகனுக்குத் திரும்பவும் இழுப்பு வந்தது. அவர் மார்க்கெட்டில். இந்தத் தடவை போனுக்காகக் காத்திருக்கவில்லை. அத்தை அவனை நடுவில் உட்கார வைத்துப் பிடித்துக் கொண்டு பின்னால் உட்கார்ந்தார்கள். மூன்று பேர் போனது தப்புதான், தெரியும். ஆனால் அவனை யார் பிடிப்பது? இருபது நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. அவர் வந்து சேர்வதற்குள் பிள்ளை சீராகி, பிஸ்கட் கேட்டுக் கொண்டிருந்தான். வெளியே வந்து என் வண்டிக்குப் பக்கத்தில் தன் பைக்கை நிறுத்தி விட்டு, "பெட்ரோல் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். "இருக்குங்க" என்றேன்.

வாங்கி ஒன்றேகால் வருஷத்துக்கு மேல் ஆகிறது. வண்டி ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. மகள் டியூஷன் போகிறாள். ஆர்.சி.யில் என் பெயர் இருக்கிறது.

சகோதரிகளே, வீட்டில் வண்டி வாங்கும் பேச்சு வந்தால் அடுப்படியிலேயே நிற்காதீர்கள். விலை என்ன, மைலேஜ் என்ன என்று அவர்கள் கேட்கட்டும். "நான் ஒருத்தி மட்டும் வீட்டில் இருக்கும்போது இதை எடுக்க முடியுமா?" என்று நீங்கள் கேளுங்கள். நாம் எடுத்து ஓட்ட முடியாத வண்டி, எத்தனை மைலேஜ் கொடுத்தாலும் அவசரத்துக்கு நமக்கு உதவாது.

– ஒரு வாசகி,
ஒட்டன்சத்திரம் வட்டாரம்.